பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸை நானே இறக்கிப் பிரித்து ஏற்ற முடியுமா?

கேள்வி கேட்டவரின் வண்டி பழைய பிக்கப். பின்சக்கர இழுவை, ஐந்து கியர் மேனுவல். மூன்றாவது கியர் போடும்போது 'கர்ர்' என்று கத்துகிறது. ஐந்தாவதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு முனகல். மெக்கானிக் வேறொரு பழைய கியர்பாக்ஸ் பெட்டியை வாங்கி மாற்றச் சொல்கிறாராம். இவருக்கு ஒரு ரிப்பேர் கிட் வாங்கி, தானே இறக்கி, பிரித்து, சேர்த்து, ஏற்றிவிடலாமா என்று யோசனை. கிளட்ச் மாற்றிய அனுபவம் இருக்கிறது, கியர்பாக்ஸைத் திறந்ததில்லை. என்ன ஆயில் ஊற்றுவது என்பது கடைசிக் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கோளாறு பெட்டிக்குள்தான் இருக்கிறதா? உள்ளேதான் என்றால் கிட் அதைத் தீர்க்குமா? சரிசெய்த பெட்டியைக் கெடுக்காமல் ஏற்ற முடியுமா? கியர்பாக்ஸ் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரித்துச் சேர்ப்பது பொறுமையுள்ள எவருக்கும் வரும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். எதற்காக இறக்குகிறோம் என்று தெரியாமல் இறக்குவார்கள். எல்லாம் முடிந்த அவசரத்தில் ஏற்றும்போது எதையாவது வளைத்துவிடுவார்கள்.

முதலில் இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலிங்கில் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து நான்கைந்து நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெடலை இரண்டு முறை பம்ப் செய்ததும் கியர் சுலபமாக விழுந்தால் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் எல்லா கியரும் வெண்ணெயாக விழுகிறது, ஓடும்போது எல்லா கியரும் அடம்பிடிக்கிறது என்றாலும் கிளட்ச் பக்கம்தான் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று இறக்கி வைத்த பெட்டிகளில் குற்றமே செய்யாதவை எத்தனையோ. உங்கள் விஷயத்தில் கத்துவது மூன்றாவது மட்டும் என்கிறீர்கள். ரிவர்ஸ் சோதனையும் சுத்தமாகப் போனால், கோளாறு உள்ளேதான். மூன்றாவது கியரின் சிங்க்ரோவில்தான், அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பில்.

முனகலுக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. நியூட்ரலில், காலை கிளட்சிலிருந்து எடுத்த நிலையில் சத்தம் வந்து, பெடலை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து வரும் தண்டு) பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் (அதற்கு இணையாகச் சுற்றும் தண்டு) பேரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கையோ (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளுவது) பைலட் பேரிங்கையோ (இன்புட் ஷாஃப்ட்டின் முனையை இன்ஜின் பக்கம் தாங்குவது) சந்தேகப்படுங்கள். ஓட்டத்தில் எல்லா கியரிலும் முனகி, நான்காவதில் மட்டும் குறைந்தால் கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். இத்தகைய ஐந்து கியர் பெட்டிகளில் நான்காவது பொதுவாக நேரடி கியர். இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் (வெளியே போகும் தண்டு) ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். கவுண்டர் ஷாஃப்ட் கூடவே சுற்றினாலும் அதன்மேல் பாரம் இருக்காது. அதனால்தான் சத்தம் அடங்குகிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் முனகல் என்றால் அந்த கியரின் பற்களைப் பாருங்கள்.

அடுத்தது ஆயில். வடிக்கும்போது சுத்தமான தட்டில் வடியுங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது வயதான பெட்டிக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். விரலில் எடுத்துத் தேய்க்கும்போது நெருடினால், செதில் செதிலாக வந்தால், எஃகு உதிர்கிறது: பேரிங் அல்லது பல். ஆயிலில் தங்கத்தூள் போல மினுமினுப்பு மிதந்தால் அது பித்தளை, சிங்க்ரோ ரிங் தேய்மானம். எவ்வளவு ஆயில் வடிகிறது என்றும் அளந்து வையுங்கள். குறைவாக வடிந்தால் அதுவே முனகலுக்கான காரணமாக இருக்கலாம். ஃபோர்டு ரேஞ்சரில் வந்த மஸ்டா தயாரிப்பு ஐந்து கியர் பெட்டி இதற்குப் பேர்போனது. மேல் மூடியின் பின்பக்கம் செலக்டர் ராட்களின் (கியரைத் தேர்ந்தெடுக்க நகரும் கம்பிகள்) துளைகளை அடைக்கும் ரப்பர் பிளக்குகள் காய்ந்து கசியும். ஆயில் மெல்ல மெல்ல இறங்கிப் பேரிங்குகள் வறண்டு போகும். வெளியில் பெரிய சொட்டு எதுவும் தெரியாது.

இறக்குவது பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, கிளட்ச் மாற்றியவர் என்பதால் உங்களுக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றுங்கள், வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். புரோப்பெல்லர் ஷாஃப்ட்டை (பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கழற்றும் முன் ஃபிளாஞ்சில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், திரும்ப அதே நிலையில் மாட்டினால்தான் புதிதாக அதிர்வு வராது. ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர்) வெளியில் இருக்கும் வகை என்றால் ஹோஸைப் பிரிக்காமல் ஓரமாகக் கட்டிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பெல் ஹவுசிங்கின் (பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும், கிளட்சை மூடிய கூடு) மேல் போல்ட்டுகள் மேலிருந்து எட்டாது. கிராஸ் மெம்பரை (பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எடுத்துவிட்டு, பெட்டியின் வாலைச் சற்று இறக்கி, பின்னாலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் விட்டுக் கழற்றுவதுதான் வழி. அப்போது இன்ஜினின் பின்பக்கத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். எடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அலுமினியக் கேஸ் உள்ள சின்ன பெட்டியே 35, 40 கிலோ வரும். பழைய செவர்லே பிக்கப்புகளில் இருந்த எஸ்எம்465 போன்ற வார்ப்பிரும்புப் பெட்டிகள் 80 கிலோவை நெருங்கும். நெஞ்சின்மேல் வைத்து இறக்கும் வீரம் வேண்டாம், கியர்பாக்ஸ் ஜாக் ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

சரி, பெட்டி மேஜைக்கு வந்துவிட்டது. திறக்கும் முன் வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். உங்கள் பெட்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். எந்த சர்க்கிளிப் (பாகங்களை இடத்தில் நிறுத்தும் வளையக் கிளிப்) முதலில், எந்த ராட் எந்தப் பக்கமாக வெளியே வரும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பொதுவாக யாரும் சொல்லிவிட முடியாது, நானும்தான். பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: செலக்டர் ராடுகளை உருவும்போது டீடென்ட் குண்டும் (ராடை கியர் நிலையில் பிடித்து நிறுத்துவது) ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், ஒரு துணியால் மூடிக்கொண்டு உருவுங்கள். ராடுகளுக்கு இடையே இன்டர்லாக் பின் என்று ஒரு சின்ன துண்டு இருக்கும். அதுதான் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுப்பது. தொலைத்துவிட்டால் பெட்டி ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். ஹப்பும் (ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் நடுப்பகுதி) ஸ்லீவும் (அதன்மேல் வழுக்கி கியரைப் பூட்டும் வளையம்) ஜோடியாகப் பொருந்தித் தேய்ந்தவை. பிரிக்கும் முன் இரண்டிலும் சேர்த்து ஒரு அடையாளம் போடுங்கள், எந்த முகம் முன்னால் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பித்தளை ரிங்குகளை அந்தந்த கியரோடே கட்டி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள்; ஷாஃப்ட்டிலிருந்து கழற்றிய வரிசையிலேயே ஒரு நீள அட்டையில் அடுக்குங்கள். பேரிங்குகளுக்கும் ஹப்புகளுக்கும் புல்லரும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் வேண்டும். சுத்தியால் தட்டி எடுக்கிறேன் என்பவர்கள் கியரின் ஓரத்தை உடைத்துக்கொள்வார்கள். பிரஸ் இல்லை என்றால் ஷாஃப்ட்டை மட்டும் ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்து வாங்குங்கள், அதில் வெட்கமில்லை.

இனி இந்த வேலையின் உயிர்நாடி: சோதனை. மூன்றாவது கியரைக் கையில் எடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு கூம்பும், அதன் அடியில் வட்டமாகச் சின்னச் சின்னப் பற்களும் இருக்கும். டாக் பற்கள் என்பார்கள். சிங்க்ரோ ரிங் அந்தக் கூம்பின்மேல் உட்கார்ந்து, உரசி, கியரின் வேகத்தை ஸ்லீவின் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகம் சமமாகும் வரை ரிங் அரைப் பல் அளவு திரும்பி நின்று ஸ்லீவை மறிக்கும். சமமானதும் வழி விடும், ஸ்லீவ் டாக் பற்கள்மேல் வழுக்கி உட்காரும். ரிங் தேய்ந்துவிட்டால் மறிக்கும் வேலை நடக்காது, ஸ்லீவ் நேராகப் போய்ப் பற்களில் மோதும். நீங்கள் கேட்கும் 'கர்ர்' அதுதான்.

ரிங்கைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் நூல் போல மெல்லிய வரிகள் இருக்கும். அந்த வரிகளின் முனை கூர்மையாக இருந்தால்தான் ஆயில் படலத்தைக் கிழித்துக் கூம்பைப் பிடிக்கும். விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால் ரிங்கின் கதை முடிந்தது. பிறகு ரிங்கைக் கூம்பின்மேல் கையால் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் டாக் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இரண்டு மூன்று இடத்தில் அளங்கள். புதிதில் பல பெட்டிகளில் 1 மி.மீ.க்கு மேல் இருக்கும், 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்று என்று சில மேனுவல்கள் சொல்லும், வேறு சில இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உங்கள் மேனுவலின் எண்ணே செல்லும்.

ரிங்கை மாற்றிவிட்டால் போதுமா? அங்கேதான் கிட் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். டாக் பற்களின் நுனியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூரை போல இரண்டு சரிவும் நடுவில் ஒரு கூர்மையும் இருக்க வேண்டும். பல மாதம் கத்தவிட்டே ஓட்டிய பெட்டியில் அந்தக் கூர்மை உருண்டு, மழுங்கி, சில இடத்தில் பொடிந்திருக்கும். ஸ்லீவின் உள்பற்களும் அப்படியே. இந்த நிலையில் புது ரிங் போட்டால் சில நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கியரையும் ஹப்-ஸ்லீவ் ஜோடியையும் மாற்றித்தான் ஆக வேண்டும், அவை சாதாரண கிட்டில் வராது. கிட் என்பது பெரும்பாலும் பேரிங், சீல், கேஸ்கெட், சர்க்கிளிப். சிலவற்றில் சிங்க்ரோ ரிங். அவ்வளவுதான். ஆகவே முதலில் பிரியுங்கள், பாருங்கள், பிறகு பட்டியல் போட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது கழல்வதற்குக் காரணங்கள் கொஞ்சம் கூடுதல். டாக் பற்களும் ஸ்லீவின் பற்களும் பின்பக்கம் லேசாகக் குறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். பாரம் ஏற ஏற ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சாய்வு தேய்ந்தால் பாரம் மாறும் நொடியில், அதாவது நீங்கள் ஆக்ஸிலேட்டரை விடும்போது, வெளியே தள்ளும். ஸ்லீவைத் தள்ளும் கவையான செலக்டர் ஃபோர்க் ஒருபக்கம் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் முழுதாக உள்ளே போயிருக்காது. ஃபோர்க்குக்கும் ஸ்லீவின் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளியை அளங்கள், 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் பல பெட்டிகளில் அதுவே எல்லை. டீடென்ட் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். ஷாஃப்ட் முன்பின் ஆடலாம். டாட்ஜ் பிக்கப்புகளின் என்வி4500 பெட்டியில் ஐந்தாவது கியரைப் பிடிக்கும் பெரிய நட் தளர்ந்து, கியரே பின்னால் நகர்ந்துவிடும் பழக்கம் பலருக்கும் தெரிந்தது. உங்கள் பெட்டியில் இவற்றில் எது என்பதை எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாது. ஒரு நல்ல செய்தி: பல பெட்டிகளில் ஐந்தாவது கியர் மெயின் கேஸுக்குப் பின்னால், வால் பகுதியில் இருக்கும், அதை மட்டும் சரிசெய்ய முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதில்லை. பெட்டி வெளியே வந்துவிட்டதால் எப்படியும் முழுதாகத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

பேரிங்குகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆனால் பேரிங் உட்காரும் துளைகளைக் கவனியுங்கள். அலுமினியக் கேஸில் பேரிங்கின் வெளி வளையம் துளைக்குள்ளேயே சுழன்றிருந்தால் துளை பளபளவென்று வழவழப்பாக இருக்கும், புது பேரிங் கையாலேயே உள்ளே விழும். அந்தக் கேஸை அப்படியே சேர்க்காதீர்கள். துளையில் புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும் அல்லது வேறு கேஸ் தேட வேண்டும். மெயின் ஷாஃப்ட்டில் நீடில் ரோலர்கள் ஓடும் தடங்களில் குழிகள் இருந்தால் ஷாஃப்ட்டுக்கும் அதே கதி. கவுண்டர் ஷாஃப்ட்டும் பல் குழி விழுந்து, கேஸும் கெட்டு, இரண்டு கியரும் வேண்டும் என்று பட்டியல் நீண்டால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. வேறு பெட்டிதான் லாபம். ஆனால் வாங்கும் அந்தப் பழைய பெட்டியும் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாது. மேல் மூடியையாவது திறந்து டாக் பற்களைப் பார்க்காமல் ஏற்றினால், ஒரு வியாதிக்குப் பதில் இன்னொன்றை வாங்கியதாகிவிடும்.

சேர்க்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் ஊற்றப்போகும் அதே ஆயிலில் நனைத்துப் போடுங்கள். நீடில் ரோலர்கள் உதிராமல் நிற்க பெட்ரோலியம் ஜெல்லி போதும், பிறகு ஆயிலில் கரைந்துவிடும். பேரிங்கை அழுத்தும்போது எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். குண்டுகள் வழியாக அழுத்தினால் புது பேரிங் பிறக்கும்போதே சத்தத்தோடு பிறக்கும். ஹப்பை பிரஸ்ஸில் இறக்கும்போது ரிங்கின் வெட்டுகள் ஹப்பின் சாவிகளுக்கு (ரிங்கைத் தள்ளும் சின்னத் துண்டுகள்) நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். சற்றே விலகினாலும் பித்தளை ரிங் 'டக்'கென்று உடையும், சில நேரம் உடைந்த சத்தமே கேட்காது. சர்க்கிளிப் எப்போதும் புதிது. பல பெட்டிகளில் அவை வெவ்வேறு தடிமனில் வரும், ஆட்டத்தை அளந்து பொருத்தமானதைப் போட வேண்டும். டேப்பர் பேரிங் (கூம்பு உருளைகள் கொண்ட பேரிங்) உள்ள பெட்டியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து டயல் கேஜால் அளக்காமல் மூடவே கூடாது. சிலிக்கான் பசையை வாரிப் பூசாதீர்கள், பிதுங்கி உள்ளே விழுந்தது ஆயில் வழியை அடைக்கும். மூடியதும் கையால் சுற்றி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள். நான்காவது நேரடி கியரானால் இன்புட் ஒரு சுற்றுக்கு அவுட்புட்டும் ஒரு சுற்று வர வேண்டும். நியூட்ரலில் அவுட்புட்டைப் பிடித்துக்கொண்டாலும் இன்புட் சுற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் கிளட்ச் பக்கம். ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த இடங்களும் வெடிப்புகளும் இருந்தால் கடையச் சொல்லுங்கள். பைலட் பேரிங்கை யோசிக்காமல் மாற்றுங்கள். இன்ஜினின் ரியர் ஆயில் சீல் ஈரமாக இருந்தால் அதையும் இப்போதே. கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிளைனில் (இன்புட் ஷாஃப்ட்டில் கிளட்ச் பிளேட் மாட்டும் நீளப் பற்கள்) கிரீஸ் பெயருக்கு ஒரு தடவல்தான், மிஞ்சினால் பிளேட்டில் தெறிக்கும். பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு நேர்படுத்தும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். முன்பு இறக்கிய யாரோ தொலைத்துவிட்டுப் போல்ட்டை மட்டும் இறுக்கியிருந்தால், பெட்டி மையம் விலகி நின்று, கியர் கழல்வதற்கும் பைலட் பேரிங் சாவதற்கும் அதுவே காரணமாகும்.

ஏற்றும்போது மேலே இரண்டு நீண்ட ஸ்டட்களைத் தலையில்லாமல் திருகி வழிகாட்டியாக வையுங்கள். பெட்டியை கியரில் போட்டு, அவுட்புட்டைக் கையால் திருப்பித் திருப்பி ஸ்பிளைனைக் கிளட்ச் பிளேட்டுக்குள் விடுங்கள். பெட்டியின் பாரம் ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும், பிறகு கிளட்ச் விடுபடாது, 'புதுசா பண்ணியும் கத்துதே' என்று திரும்ப இறக்குவீர்கள். ஹவுசிங் இன்ஜினோடு கையாலேயே ஒட்ட வேண்டும். கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடுவதுதான் இந்த வேலையின் மகா பாவம்: ஹவுசிங்கின் போல்ட் காது உடையும், பைலட் பேரிங் நொறுங்கும். போகவில்லை என்றால் பின்னால் இழுத்து, கோணத்தைப் பார்த்து, மறுபடி தள்ளுங்கள்.

ஆயில் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கனமான ஆயில் என்றால் நல்ல ஆயில் என்று நினைத்து ஊற்றாதீர்கள். சில பெட்டிகள் ஜிஎல்-4 தரத்து 75டபிள்யூ-90 (ஆயிலின் கனத்தைக் குறிக்கும் எண்) கேட்கும். நான் சொன்ன மஸ்டா பெட்டியும் போர்க்-வார்னர் டி-5 பெட்டியின் பல வகைகளும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் ஓடுபவை. அவற்றில் கனமான கியர் ஆயில் ஊற்றினால் குளிரில் கியர் மாறுவதே கஷ்டமாகும். ஜிஎல்-5 ஆயில் பித்தளையைத் தின்னுமா என்பதில் வாதம் ஓயவில்லை. அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் ஏறத்தாழ இரு மடங்கு. சில தயாரிப்புகள் தின்னும், சில தின்னாது. ஆனால் ஜிஎல்-4க்கு வடிவமைத்த சிங்க்ரோவில் அது வழுக்கலைக் கூட்டிப் பிடிப்பைக் குறைக்க வாய்ப்புண்டு என்பதால், மேனுவல் ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்பு வரை.

முதல் சில நூறு கிலோமீட்டர் கியர் கொஞ்சம் முறுக்காக விழும், புது ரிங்குகள் கூம்போடு பழக வேண்டும். அந்த நாட்களில் அவசரக் கியர் மாற்றமும் பாரம் ஏற்றுவதும் வேண்டாம். 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் ஆயிலை ஒருமுறை மாற்றி, காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். கியர் லீவரின் அடியில் இருக்கும் நைலான் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். அது தேய்ந்திருந்தால் உள்ளே எல்லாம் புதிதானாலும் கியர் இடம் தேடித் தடுமாறும். பெட்டியைத் திறந்ததும் மூன்றாவது கியரின் டாக் பற்கள், ஸ்லீவின் உள்பற்கள், ஐந்தாவதின் ஃபோர்க் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எது வாங்க வேண்டும், எது வேண்டாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.